நியூசிலாந்து 65, இந்தியா 27: யார் இந்த ஜோசப் போர்?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? கொரோனா தடுப்பூசி போடத்தான் என்று பலர் சொல்லக்கூடும். இந்தியா முழுமைக்கும் அப்படியொரு நிலையத்தைத் திட்டமிட்டது 1946-ல் வந்த ஓர் அறிக்கை. அதைத் தயாரித்த குழுவின் தலைவர் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற ஐ.சி.எஸ். அதிகாரி. பெயர் ஜோசப் போர். (சண்டைக்கும் சலிப்புக்கும் சம்பந்தமில்லை, அது குடும்பப் பெயர்.)

1878-ல் நாசிக்கில் பிறந்தவர். புனேவிலும் லண்டனிலும் படித்து, 1902-ல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். சென்னை மாகாணத்தில் வேலை, 1914 முதல் 1919 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான் பதவி, பிறகு டெல்லி. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வர்த்தகம், ரயில்வே துறைகளைப் பார்த்தார். மனைவி மார்கரெட் மருத்துவம் படித்தவர். போருக்கும் மருத்துவத்துக்கும் அதுவரை இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

1943 அக்டோபரில், வங்கத்தில் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, நாட்டின் சுகாதார நிலையை ஆராயும் குழுவுக்கு அவர் தலைவரானார். வயது 65. சென்னையின் ஏ.லட்சுமணசாமி முதலியாரும், தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷியும் அதில் உறுப்பினர்கள்.

குழு முதலில் செய்தது நம்ம ஊர் எண்களை வெளிநாட்டு எண்களுக்குப் பக்கத்தில் வைத்ததுதான். 1937-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 162 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. நியூசிலாந்தில் அது 31. ஆண்களின் சராசரி ஆயுள் அங்கே 65, இங்கே 27. இங்கே 6,300 பேருக்கு ஒரு டாக்டர், பிரிட்டனில் 1,000 பேருக்கு ஒருவர்.

டேட்டா பார்க்கிற ஆளாக ஒன்று சொல்லணும். நியூசிலாந்தில் அப்போது சுமார் 16 லட்சம் பேர்தான். அந்த 65-லும் மாவோரி பழங்குடிகள் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் அந்த அட்டவணை ஒரு வேலை செய்தது. இந்தியர்களின் சாவு விதியாலோ வெயிலாலோ வருவது என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

அடுத்து, ஆட்களையே வரவழைத்தார்கள். ஆக்ஸ்போர்டிலிருந்து ஜான் ரைல், ஆஸ்திரேலிய சுகாதாரத் துறைத் தலைவர் கம்ப்ஸ்டன், அமெரிக்காவிலிருந்து ஜோசப் மவுன்டின், சோவியத் மருத்துவ முறை பற்றிப் புத்தகம் எழுதிய ஹென்றி சிகெரிஸ்ட். இந்த சிகெரிஸ்ட், 1944-ல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுத்த கையோடு இந்தியா வந்தவர்.

பணமில்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதை அறிக்கை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் என்.எச்.எஸ். தொடங்கியதே 1948-ல்தான். முதல் கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் இரண்டு டாக்டர்கள். நோய்த்தடுப்பும் சிகிச்சையும் ஒரே கூரையின்கீழ்.

சிக்கல் டாக்டர் விஷயத்தில் வந்தது. பழைய கதைகளில் எல்.எம்.பி. டாக்டர் என்று ஒருவர் வருவாரே, அவர்கள் எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறுகிய படிப்பு முடித்தவர்கள். அன்றைய டாக்டர்களில் பாதிக்கும் மேல் அவர்கள்தான். அந்தப் படிப்பை நிறுத்திவிட்டு, நாடு முழுக்க ஒரே தரமான எம்.பி.பி.எஸ். மட்டும் போதும் என்றது பெரும்பான்மை. சில உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கிராமத்துக்கு யார் போவார்கள் என்பது அவர்கள் கவலை.

கிராமத்து ஏழைக்கு மட்டும் ஏன் அரை டாக்டர் என்ற பெரும்பான்மையின் வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் சோவியத் கிராமங்களில் ஃபெல்ட்ஷர் எனும் இடைநிலை மருத்துவப் பணியாளர்கள் இருந்தார்கள். 1930-களில் சீனாவின் டிங்சியன் பகுதியில் சாதாரண விவசாயிகளுக்கே அம்மை குத்தவும் முதலுதவி செய்யவும் பயிற்சி கொடுத்தார்கள். சீனாவில் பணியாற்றிவிட்டு வந்த ஜான் கிராண்ட் அப்போது கல்கத்தா பொது சுகாதார நிறுவனத்தின் இயக்குநர். ஆக, இதெல்லாம் டெல்லிக்குத் தெரியாத சங்கதி இல்லை. பணக்கார நாடுகள் அடைந்த இடத்தை இலக்காக எடுத்துக்கொண்ட குழு, ஏழை நாடுகள் நடந்த வழியைப் போதுமான அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கணிப்பு.

எல்.எம்.பி. படிப்பு நின்றது. 1952-ல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் திறக்கத் தொடங்கியபோது, ஒன்றின் பொறுப்பில் 40,000 பேர் அல்ல, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் வரை இருந்தார்கள். அடுத்த ஆய்வுக்குழு 1959-ல் அமைந்தது. இம்முறை தலைவர் லட்சுமணசாமி முதலியார். புதிதாகத் திறப்பதற்கு முன்னால் இருப்பதைப் பலப்படுத்துங்கள் என்றது அது. அந்த அறிக்கை வருவதற்குள், 1960-ல் குவெர்ன்சி தீவில் போர் இறந்துவிட்டார்.

எல்.எம்.பி. சண்டை மட்டும் ஓயவில்லை. 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், எம்.பி.பி.எஸ். படிக்காத சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரையறுக்கப்பட்ட மருத்துவ உரிமம் தர இடம் கொடுத்தது. டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் எதிர்த்தது 32-ஆவது பிரிவை.