வேலியும் அடைக்கலமும்

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் குறுக்கே அமைந்துள்ள அணைக்கட்டைக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். கட்டின்றிப் பாயும் வெள்ளம் முதலில் அழிப்பது தாழ்ந்த நிலத்தையே. மனித வாழ்விலும் இஃதே நிலை. சட்டம் எதற்கு, அவரவர் மனச்சான்றே போதாதா என வினவுவோர் எக்காலத்தும் உளர். அதற்கு விடையாக அமைந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வு.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவர். அன்னையார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். ஆடவர் கல்லூரியில் ஒரு பெண் பயில்வதா எனப் பலர் எதிர்த்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணையே அவருக்குக் கதவைத் திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பின்னர்ச் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார்.

அந்நாளில், நன்மை தீமை அறியாப் பருவத்துச் சிறுமியர்க்குக் கோயிலிற் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்தது. பின்னாளில் அவர்களுட் பலர் செல்வர்தம் இச்சைக்கு இரையாயினர். சிறுமியரை இழிதொழிலுக்கு ஒப்படைப்போரைத் தண்டிக்க 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே பிரிவுகள் இருந்தன. ஆயினும், ஒப்படைப்பவர் பெற்றோராகவோ வளர்த்தோராகவோ இருக்கையில் முறையிடுவார் யார்? மேலும், கோயிற்பணிக்கென விடப்பட்ட மானிய நிலம் கைவிட்டுப் போகாதிருக்கத் தலைமுறைதோறும் ஒரு பெண் பொட்டுக்கட்ட வேண்டியிருந்தது. நிலமே விலங்காயிற்று.

அம்மையார் முதலில் அவ்விலங்கைத் தறித்தார். அவர் முயற்சியால் 1929இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், கோயிற்பணி செய்யாமலே அந்நிலத்தை அப்பெண்கள் வைத்துக்கொள்ள வழிவகுத்தது. 1930இல் பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். சமூகம் தானே திருந்தும் என்றனர் சிலர். தம் கலையும் உடைமையும் பறிபோகுமென அஞ்சித் தேவதாசியருள்ளும் பலர் எதிர்த்தனர், அவ்வச்சம் பொருளற்றதன்று. மாறாக, நம் ஊருக்குத் தெற்கே கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள மூவலூரின் இராமாமிர்தம் அம்மையார், தாமும் அம்மரபில் வளர்ந்தவராயிருந்தும் ஊர்தோறும் சென்று ஒழிப்புக்கு ஆதரவு திரட்டினார்.

காந்தியடிகள் 1930இல் சிறைப்பட்டபோது அம்மையார் பதவி துறந்தார், மசோதா தேங்கியது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1947இல்தான் அது சட்டமாயிற்று. பொட்டுக்கட்டுதல் குற்றமென்றும், பொட்டுக்கட்டப்பெற்ற பெண் செய்துகொள்ளும் திருமணம் செல்லுமென்றும் அது விதித்தது. அவ்விடைக்காலத்தில் பொட்டுக்கட்டப்பெற்ற சிறுமியரை எண்ணுங்கால் நம் நெஞ்சம் வருந்துகின்றது. சமூகம் தானே திருந்துமெனக் காத்திருந்ததன் விலையை அவர்களே செலுத்தினர்.

ஆயினும் அம்மையார் சட்டத்தை மட்டும் நம்பி அமர்ந்திலர். 1930இல் அம்மரபினின்று தப்பிய சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி வந்தபோது, அவர்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக் காத்தார். அவ்வடைக்கலமே அவ்வை இல்லமாக வளர்ந்தது. ஓடிவரும் பெண்ணுக்குத் திறந்த வாயில் இல்லையேல், ஏட்டிலுள்ள சட்டத்தால் யாது பயன்? 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் தோற்றுவித்த அம்மையார், 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் மறைந்தார்.

அணுவிரதம் ஏற்ற இல்லறத்தாராகிய நாம் இதில் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். விரதம் அதனை ஏற்றவரையே கட்டும். ஏற்காதவரிடமிருந்து எளியோரைக் காப்பது எது? அதற்குச் சட்டம் வேண்டும். அச்சட்டம் உயிர்பெற முறையிடுவோர்க்குத் துணைநிற்கும் அண்டை அயலாரும் வேண்டும். இன்று சிறாரைக் காக்க 2012ஆம் ஆண்டின் சட்டமும், பணியிடத்துப் பெண்டிரைக் காக்க 2013ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. துன்புற்ற சிறுமியொருத்தி நம் இல்லத்துக் கதவைத் தட்டுங்கால், குடும்பமானம் கருதி அவள் வாயை அடைப்போமாயின், அச்சட்டங்களை நாமே கொன்றவராவோம். கொல்லாமை போற்றும் நமக்கு அது தகுமோ?