காளானின் அடிப்பக்கம் பார்த்த அறிஞர்

பட்டுப்போன மரங்களில் அலமாரித் தட்டுகளைப் போல அடுக்கடுக்காக ஒட்டி வளரும் காளான்களை நாம் பார்த்திருக்கிறோம். மேலிருந்து நோக்கினால் பலவும் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறியும் முறையை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களுள் முதன்மையானவர், ஸ்வீடன் நாட்டு அறிஞர் எலியாஸ் மாக்னஸ் பிரீஸ்.

அவர் 1794 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஸ்மோலண்டு பகுதியிலுள்ள பெம்ஷோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ச் சபையின் போதகர். செடிகொடிகளில் ஈடுபாடு மிக்கவர். மகனுக்கு இளமையிலேயே இலத்தீன் மொழியைக் கற்பித்தார். 1806இல், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அன்னையுடன் காட்டில் ஸ்ட்ராபெரி பழம் பறிக்கச் சென்றபோது, பவளம் போலக் கிளைத்த மிகப் பெரிய காளான் ஒன்றைப் பிரீஸ் கண்டார். அன்று பிறந்த ஆர்வம் வாழ்நாள் முழுவதும் தணியவில்லை. 1811இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன்பே 300க்கும் மேற்பட்ட காளான் வகைகளை அவரால் இனங்காண முடிந்தது.

1821 முதல் 1832 வரை காளான்களை வகைப்படுத்தும் தமது பெருநூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். காளானின் அடிப்பக்கத்தைப் பார்க்கும் வழக்கம் லின்னேயஸ் காலத்திலேயே உண்டு. பிரீஸ் அதனை விரிவாக்கி உறுதியான முறையாக்கினார். ஸ்போர்கள் எனப்படும் நுண்வித்துக்கள் உண்டாகும் இடம் அதுவே அல்லவா?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வான்கோழியின் வாலை விரித்தாற்போல வண்ண வளையங்கள் கொண்டது டிராமிடிஸ் வெர்சிகலர் என்னும் காளான். ஸ்டீரியம் வகைகள் சிலவும், லென்சைட்டிஸ் என்பதும் மேலே அதைப் போலவே வளையங்களோடு இருக்கும். திருப்பிப் பார்த்தால் வேற்றுமை புலப்படும். முதலாவதன் அடியில் ஊசிமுனை போன்ற நுண்துளைகள் நிறைந்திருக்கும். ஸ்டீரியத்தின் அடிப்பக்கம் துளையின்றி வழவழப்பாக இருக்கும். லென்சைட்டிஸின் அடியிலோ புத்தகத் தாள்கள் போன்ற தகடுகள் வரிசையாக நிற்கும்.

1834இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பிரீஸ், 1851இல் தாவரவியல் பேராசிரியர் பதவியையும் ஏற்றார். 1874இல், எண்பது வயதை எட்டும் நிலையிலும், ஐரோப்பியக் காளான்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். 1878 பிப்ரவரி 8ஆம் நாள் உப்சாலாவில் காலமானார்.

அவர் நுண்ணோக்கியை அதிகம் நாடவில்லை. கண்ணால் காண்பதையே பெரிதும் நம்பினார். பின்வந்த ஆய்வுகள் அவருடைய பாகுபாட்டில் பலவற்றைத் திருத்தியுள்ளன. துளையுள்ள டிராமிடிஸும் தகடுள்ள லென்சைட்டிஸும் நெருங்கிய உறவினர் என்றும், ஸ்டீரியம் தூரத்துக் குடும்பத்தது என்றும் மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அடிப்பக்கம் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். உறவு முறையை எப்போதும் சொல்லிவிடாது.

ஆயினும் அவருடைய உழைப்பு வீண்போகவில்லை. 1981இல் சிட்னியில் கூடிய உலகத் தாவரவியல் மாநாடு, அவர் தம் பெருநூலில் ஏற்றுக்கொண்ட பெயர்களுக்குத் தனிப் பாதுகாப்பு அளித்தது. மேல்தோற்றத்தைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறாமல், ஒன்றைத் திருப்பிப் பார்க்கும் பொறுமையே அறிவின் தொடக்கம் என்பதை அவர் வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்வோமாக.