கல்லையும் கதையையும் கற்ற பேராசிரியர்

நம் சங்கத்தின் விழாக்களில் எழுந்து நின்று தமிழ்த்தாயை வாழ்த்துகிறோம். அவ்வாழ்த்தை இயற்றிய பெருமகனார் இத்திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்தவர் என்பதை நம் குழந்தைகளுள் எத்தனை பேர் அறிவர்? பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்களின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுத முற்பட்டதற்கு அதுவே காரணம்.

அன்னார் 1855-ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று, 1876-இல் பி.ஏ. பட்டமும் 1880-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். திருநெல்வேலியில் சில காலம் கல்விப் பணியாற்றிய பின், தாம் பயின்ற கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியராய் விளங்கினார்.

வேணாட்டு மன்னர்களின் பழைய கல்வெட்டுக்களைத் தேடிப் படித்து, திருவிதாங்கூரின் பண்டை அரசர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். திருஞானசம்பந்தர் 13-ஆம் நூற்றாண்டினர் என்று கால்டுவெல் ஐயர் கருதியிருந்தார். சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராதல் இயலாது என்று பேராசிரியர் சான்றுகள் காட்டி வாதிட்டார்.

இத்துணைக் கண்டிப்பான ஆராய்ச்சியாளர் கதை எழுதப் புகுந்தது ஏன்? இன்ன அரசன் இன்ன நிலத்தைக் கோயிலுக்கு அளித்தான் என்று கல் சொல்லும். அவன் யாரை நம்பி ஏமாந்தான், அவன் மகள் எவ்வாறு வருந்தினாள் என்பனவற்றைக் கல் சொல்லாது. அவற்றை உணர்த்துவதற்குக் கதையே வேண்டும்.

1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் அத்தகைய நாடகம். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் பாடிய கதையொன்றைத் தழுவி, அதனைப் பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் நிகழ்வதாக அமைத்தார். சேரனின் அரண்மனை திருவனந்தையில்! நாஞ்சில் நாட்டின்மீது இரு வேந்தர்க்கும் பூசல் விளைகிறது. அதனை மூட்டியவன் சேரன் அல்லன். பாண்டியன் சீவகனின் அருகிலிருந்து இச்சகம் பேசிய அமைச்சன் குடிலனே. முடிவில் பாண்டியன் மகள் மனோன்மணி, பகைவன் எனப்பட்ட சேரனுக்கே மாலையிடுகிறாள்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய இரயில்வே குமாஸ்தாவாகிய அடியேன் இந்நாடகத்தைப் படித்து முடித்த இரவில் வெகுநேரம் உறங்கவில்லை. 1956-இல் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது. அதனையொட்டி இருமொழியாரிடையே எழுந்த கசப்பைப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அயலாரைக் குறைகூறும் பேச்சில் நானும் பலகால் கலந்துகொண்டதுண்டு. பூசல் என்றதும் எதிர்ப்பக்கத்தையே நோக்கும் என் கண்ணை, நம் பக்கத்துக் குடிலர்களையும் நோக்குமாறு அக்கதை திருப்பிற்று.

பேராசிரியர் 1897-இல், தமது 42-ஆம் வயதில் மறைந்தார். அவ்வயதைக் கடந்துவிட்ட எனக்கு இது நாணத்தையும் ஊக்கத்தையும் ஒருங்கே தருகிறது.

சி. வி. இராமன் பிள்ளை அவர்கள் மலையாளத்தில் எழுதிய மார்த்தாண்ட வர்மா என்னும் சரித்திர நாவலும் அதே 1891-இல்தான் வெளிவந்தது. நம் குழந்தைகள் பள்ளியில் மலையாளம் கற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். வாரத்தில் ஒரு மாலையேனும் தாய்தந்தையர் அவர்களோடு அமர்ந்து இவ்விரு நூல்களையும் படிப்பாராக. நம் முன்னோரையும் அயலாரையும் ஒருசேர அறிவதற்கு அதனினும் எளிய வழி வேறில்லை.