அரசு எனும் வாடிக்கையாளர்

தாமலில் உள்ள என் வீட்டுக்கு அண்மையில் முன்னாள் மாணவர் ஒருவர் வந்திருந்தார். சிறு பட்டறை ஒன்று வைத்து இரும்பு மேசை, பெஞ்சு, அலமாரி செய்து விற்பவர். அரசு அலுவலகம் ஒன்றின் ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலை குறிப்பிட்டு ஆணை பெற்றார். குறித்த நாளில் பொருளையும் கொண்டுபோய் இறக்கினார். பணம் கைக்கு வர எட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் வட்டிக்கு வாங்கிய கடன் லாபத்தைத் தின்றுவிட்டது. முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்த நான், அரசுக்கு விற்பது எப்படி என்று ஒரு நாளும் வகுப்பில் சொல்லித் தரவில்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டார். குறை நியாயமானதுதான். பாடநூல்களில் அரசு வரி விதிக்கும், செலவு செய்யும், கடன் வாங்கும். கடைக்கு வரும் வாடிக்கையாளராக அது தோன்றுவதே இல்லை. எனவே அவருக்குப் பாடம் சொல்லாமல், ஒருவருடைய வாழ்க்கையைச் சொன்னேன்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடத்தைப் படத்திலேனும் பார்க்காதவர்கள் தமிழகத்தில் குறைவு. அதைக் கட்டியவர் யார் என்று கேட்டால், வரைபடம் தந்த பிராசிங்டன், அதைத் திருத்தி நிறைவு செய்த ஹென்றி இர்வின், உடனிருந்த ஸ்டீபன்ஸ் என்று ஆங்கிலேயர் பெயர்கள் வரும். செங்கல் வாங்கி, கொத்தனார்களுக்குக் கூலி கொடுத்து, கட்டடத்தை எழுப்பி அரசிடம் ஒப்படைத்தவர் ஒரு சென்னைக்காரர்: தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார்.

1856-இல் சென்னையில் வசதியான வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். அவர் பிறந்து இரண்டு ஆண்டுகளில், 1858-இல், சென்னை மாகாணத்தில் பொதுப்பணித் துறை உருவாயிற்று. அவருடைய வாழ்வை அறிய இந்த ஒரு செய்தி முக்கியமானது. கம்பெனி ஆட்சி முடிந்து அரசியின் ஆட்சி வந்தபின், நீதிமன்றம், கல்லூரி, நூலகம், அருங்காட்சியகம் என்று அரசு தன் அதிகாரத்தைக் கட்டடங்களாகவே எழுப்பிக் காட்ட விரும்பியது. அந்த அளவுக்குக் கட்டடம் வாங்கக்கூடிய வேறு வாடிக்கையாளர் மாகாணத்தில் கிடையாது. வாங்குபவர் ஒருவர், விற்க முன்வருபவர் பலர் என்ற சந்தை அது. அப்படிப்பட்ட சந்தையில் விலையைச் சொல்வது வாங்குபவர்தான்.

உயர்நீதிமன்றப் பணி 1888-இல் தொடங்கி 1892-இல் முடிந்தது. அந்த ஆண்டு ஜூலை 12 அன்று கட்டடம் திறக்கப்பட்டது. அதுவரை கடற்கரைச் சாலையில், பின்னாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருந்த இடத்தில், நீதிமன்றம் இயங்கிவந்தது. புதிய கட்டடத்துக்கு வேண்டிய செங்கற்களிலும் சுடுமண் அலங்காரங்களிலும் பெரும்பகுதி உள்ளூரிலேயே செய்யப்பட்டது. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற கைவினைஞர்கள் அதில் உழைத்தனர். 175 அடி உயரமுள்ள கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் கலங்கரை விளக்கும் எரிந்தது. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பலின் குண்டு வளாகச் சுவரைத் தாக்கியது, கட்டடம் தப்பியது. அந்தப் பெருமையைச் செட்டியாரின் கணக்கில் எழுத முடியாது. அது குறி பார்த்தவரின் கணக்கு.

இத்தகைய வேலையை ஒப்புக்கொள்பவரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒப்பந்தப்புள்ளியுடன் முன்வைப்புத் தொகை கட்டவேண்டும். வேலை கிடைத்தால் பிணைத்தொகை. பிறகு சூளைக்காரர், சுண்ணாம்பு தருபவர், மரக்கடைக்காரர் எல்லோருக்கும் முன்பணம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக் கூலி தவறக்கூடாது. தவறினால் திங்கட்கிழமை ஆள் வராது. அரசோ, பொறியாளர் வந்து அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, மேலதிகாரி சரிபார்த்த பிறகே பணம் தரும். அதிலும் ஒரு பகுதியைப் பின்னால் தருவதாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவுப் புத்தகம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பொதுப்பணித் துறையில் வேலை எடுத்த எவரும் அதன் பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விடுவார். கூர்ந்து நோக்கினால், ஒப்பந்ததாரர் அரசுக்கு விற்பது கட்டடத்தை மட்டுமன்று. கட்டி முடியும் வரை அரசுக்கு அவர் கடனும் தருகிறார். அந்தக் கடனின் வட்டியை ஒப்பந்த விலைக்குள் மறைத்து வைக்கத் தெரிந்தவரே இத்தொழிலில் நிலைப்பார். குடும்பச் செல்வத்தோடு தொழிலுக்கு வந்த செட்டியாருக்குக் காத்திருக்க முடிந்தது. அவருடைய முதல் முதலீடு அந்தப் பொறுமைதான் என்பது என் கணிப்பு.

இரண்டாவது முதலீடு, முடித்த வேலை. விக்டோரியா பொது மண்டபம் சிஷோமின் வடிவமைப்பில் பொதுமக்கள் தந்த நிதியில் எழுந்தது, கட்டியவர் செட்டியார். அதன்பின் எழும்பூரில் கன்னிமாரா நூலகம், 1896-இல் திறப்பு. உயர்நீதிமன்றத்தின் அருகிலேயே சட்டக் கல்லூரி. கடற்கரைச் சாலையில், இன்று பாரத ஸ்டேட் வங்கி உள்ள பழைய மெட்ராஸ் வங்கிக் கட்டடம். அரசு மட்டுமன்றி, அரசை ஒட்டி நின்ற நிறுவனங்களும் அவரையே நாடின. 1906 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய விக்டோரியா நினைவு மண்டபம், பின்னாளின் தேசியக் கலைக்கூடம், 1909-இல் திறக்கப்பட்டது. ஃபத்தேபூர் சிக்ரியின் வாயிலை நினைவூட்டும் அந்த முகப்புக்குச் சத்தியவேட்டிலிருந்து இளஞ்சிவப்பு மணற்கல் வந்தது.

இவற்றுள் பலவற்றின் வடிவமைப்பில் இர்வினின் கை உண்டு. அரசின் கட்டடக் கலைஞர் ஒருவரும் ஒப்பந்ததாரர் ஒருவரும் கால் நூற்றாண்டுக்கு அருகில் சேர்ந்து வேலை செய்தால், வரைபடத்தில் எழுதாததையும் கட்டுபவர் புரிந்துகொள்வார். கட்டப்படாத கட்டடத்தை வாங்குபவர் அதன் தரத்தை முன்கூட்டிப் பார்க்க இயலாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நேரும் என்பதைப் பழைய கார்களை வைத்து 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். அந்த இடைவெளியைச் செட்டியார் தம் முந்தைய கட்டடத்தைக் காட்டி அடைத்தார். உயர்நீதிமன்றத்தின் வாசலில் நின்று பார்த்தவருக்குச் சட்டக் கல்லூரிக்கான ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இது ஒருவருக்கே எழுதி வைத்த சந்தையுமன்று. எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டி 1908-இல் முடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை. இர்வின் பெயர் அதிலும் உண்டு. செட்டியாரின் பெயர் இல்லை.

இதில் ஒரு நெருடல் இருப்பதை மறைக்க விரும்பவில்லை. நெடுநாள் பழக்கத்தின் நம்பிக்கை எங்கே முடிகிறது, சலுகை எங்கே தொடங்குகிறது? தாமலிலிருந்து காஞ்சிபுரம் வழியாக உத்திரமேரூர் சென்றால், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக அவற்றைப் போற்றுகிறோம். நான் மாணவர்களை அழைத்துச் சென்றபோதெல்லாம் வேறொரு விதியைக் காட்டியிருக்கிறேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது. எந்தெந்த உறவு என்ற பட்டியலும் அங்கே உண்டு. மூன்று ஆண்டுக்குள் மறுபடி அமரவும் தடை. ஊர்ப்பணத்தின் அருகே ஒரே முகம் நீண்ட நாள் நிற்பதை அந்தச் சபை விரும்பவில்லை. இர்வின் - செட்டியார் கூட்டை அந்தச் சபை ஏற்றிருக்குமா என்பது ஐயமே. அந்தக் கூட்டு தந்த கட்டடங்கள் நூறாண்டு கடந்து நிற்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

செல்வம் பெருகியது. அரசு பட்டமும் அளித்தது. சென்னையில் மோட்டார் கார் வாங்கிய முதல் இந்தியர்களுள் ஒருவர் என்ற பேச்சும், குடும்பத்துக்கென்று தனி ரயில் பெட்டிகள் வைத்திருந்தார் என்ற பேச்சும் அவரைப் பற்றி உண்டு. சேத்துப்பட்டில் ஏராளமான நிலமும் வீடுகளும் அவர் வசம் இருந்தன. அவ்வீடுகளில் ஒன்றான கோமேத்ராவில்தான், இங்கிலாந்திலிருந்து நோயுடன் திரும்பிய கணித மேதை ராமானுஜன் இறுதி நாள்களைக் கழித்தார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், அங்கேயே மறைந்தார். ஒப்பந்ததாரர்களைப் பற்றி எழுதுவோர் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடுவது வழக்கம். ஆகையால் இதையும் சொல்லிவைக்கிறேன். செட்டியார் 1925-இல் காலமானார்.

அவர் காலத்தில் எழுதப்படாத வழக்கமாக இருந்ததில் பெரும்பகுதி இன்று சட்டமாகிவிட்டது. தமிழகத்தில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. 2016 முதல் மத்திய அரசின் இணையச் சந்தையில் ஒரு கிராமத்துப் பட்டறையும் பதிவு செய்துகொள்ளலாம். மத்திய அரசுத் துறைகள் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கவேண்டும் என்ற விதியும் உள்ளது. கதவு உண்மையிலேயே அகலமாகியிருக்கிறது. ஆனால் உள்ளே நுழைந்தபின் காத்திருக்கும் காலத்துக்கு முதல் வேண்டும். செட்டியாருக்கு அது வீட்டில் இருந்தது. என் மாணவருக்கு அது வட்டிக்கடையில் இருக்கிறது. குறைந்த விலைக்கு ஆணை தரும் முறையில், தாமதத்தின் வட்டியை விலையில் சேர்த்து எழுதியவர் தோற்றுப்போவார். சேர்க்காதவர் வென்று நஷ்டப்படுவார்.

இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. வாங்கியது அரசு அலுவலகமானாலும் இது பொருந்தும். என் மாணவருக்கு இந்த விதி தெரிந்திருந்தது. புகார் மனுவைக்கூட எழுதி வைத்திருக்கிறார். இன்னும் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தப்புள்ளி அதே அலுவலகத்தில்தான் திறக்கப்பட இருக்கிறது.