சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு ஏன் எம்.ஏ.சிதம்பரம் பெயர்? செட்டிநாட்டிலிருந்து ஒரு கிரிக்கெட் கதை

ஐ.பி.எல். டிக்கெட்டில், டி.வி. ஸ்கோர்கார்டில், மேப்பில் எல்லாம் பார்க்கிற பெயர் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம். ஆனால் ஆட்டோக்காரரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘சேப்பாக்கம் போகணும்’ என்றால் போதும். அதனாலேயே பெயருக்குப் பின்னால் இருக்கிற மனிதர் யார் என்ற கேள்வி பலருக்கு வருவதே இல்லை. வந்தாலும், முன்னாள் மத்திய நிதி அமைச்சர் ப.சிதம்பரமோ என்று குழப்பம். அவரும் செட்டிநாட்டுக்காரர்தான். ஆனால் இவர் வேறு.

இதில் இன்னொரு ஆச்சரியமும் உண்டு. இந்த மைதானத்துக்குப் பெயர் தந்தவர் இந்தியாவுக்காக ஒரு மேட்ச்கூட ஆடியவர் இல்லை. அப்புறம் எப்படி?

யார் இந்த எம்.ஏ.சி.?

காரைக்குடியிலிருந்து திருச்சி போகும் வழியில் கானாடுகாத்தான் இருக்கிறது. பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க இப்போது டூரிஸ்ட்டுகள் தேடி வருகிற ஊர். அங்கே இருக்கும் செட்டிநாடு அரண்மனையைக் கட்டியவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவரும், தமிழிசை இயக்கத்துக்கு முதுகெலும்பாக நின்றவரும் அவர்தான். அவருடைய மகன்களில் இளையவர் எம்.ஏ.சிதம்பரம். பிறந்தது 1918 அக்டோபர் 12.

மூத்த அண்ணன் எம்.ஏ.முத்தையா செட்டியார், சென்னையின் மேயராக இருந்தவர். அடுத்த அண்ணன் ராமநாதன் செட்டியார் நாடாளுமன்ற உறுப்பினர். அப்பாவும் அண்ணன்களும் இவ்வளவு பெரிய ஆட்களாக இருக்கும் வீட்டில் கடைக்குட்டிக்கு ஒரு சிக்கல் இருக்கும். தனக்கென்று ஒரு களம் வேண்டும்.

எம்.ஏ.சி. முதலில் தேர்ந்தெடுத்தது தொழில். லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களை இந்தியாவில் தயாரித்த ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அவர் கைக்கு வந்தது. 1969-ல் தமிழக அரசின் டிட்கோவுடன் சேர்ந்து ஸ்பிக் நிறுவனம் தொடங்கப்பட்டது. தூத்துக்குடி உரத் தொழிற்சாலை என்றால் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே தெரியும்.

ஆனால் ஸ்கூட்டரும் யூரியாவும் அவர் பெயரை இன்றுவரை கொண்டுவந்து சேர்க்கவில்லை. கிரிக்கெட்தான் சேர்த்தது.

போர்டு தலைவராக 3 ஆண்டுகள்: என்னவெல்லாம் நடந்தது?

1960 முதல் 1963 வரை இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவர் எம்.ஏ.சி. தலைவரானபோது வயது 42. இன்றைய பி.சி.சி.ஐ. மாதிரி பணம் கொட்டுகிற அமைப்பு இல்லை அது. டி.வி. ஒளிபரப்பு உரிமை என்று ஒன்றே கிடையாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளும் பரபரப்பானவை.

1961-62 சீசனில் துலீப் டிராபி தொடங்கியது. ரஞ்சியில் மாநிலம் மாநிலமாக ஆடியவர்கள், இதில் மண்டலம் மண்டலமாக மோதினார்கள். அதே சீசனில் இங்கிலாந்தை 2-0 என்று வீழ்த்தி, அவர்களுக்கு எதிரான முதல் தொடர் வெற்றியைப் பெற்றது இந்தியா. இரண்டாவது வெற்றி வந்த இடம் சென்னை. அந்த மேட்ச்சில் சலீம் துரானி 10 விக்கெட் எடுத்தார், இளம் பட்டோடி செஞ்சுரி அடித்தார்.

அடுத்து வெஸ்ட் இண்டீஸ் டூர். 1962 மார்ச்சில் பார்படாஸ் அணியுடன் ஆடியபோது, சார்லி கிரிஃபித் வீசிய பந்து கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் தலையில் பட்டு உயிருக்கே ஆபத்தானது. கேப்டன் பொறுப்பு 21 வயது பட்டோடி கைக்குப் போனது. தொடரில் 0-5 தோல்வி.

வேகப்பந்து என்றாலே நம் பேட்ஸ்மேன்கள் திணறுகிறார்கள் என்பது வெட்டவெளிச்சம் ஆனது. அதற்கு வாரியம் கண்ட வழி கொஞ்சம் வித்தியாசமானது. ராய் கில்கிறிஸ்ட், செஸ்டர் வாட்சன், லெஸ்டர் கிங், சார்லி ஸ்டேயர்ஸ் என்று நான்கு வெஸ்ட் இண்டீஸ் பவுலர்களை வரவழைத்து, 1962-63 சீசனில் நம் உள்ளூர் அணிகளில் ஆட வைத்தார்கள். எதிராளியின் ஆயுதத்தை வீட்டுக்கே கூட்டிவந்து பழகிய கதை.

சேப்பாக்கம் அப்போது யாருடைய மைதானம்?

இங்கேதான் பெயரின் ரகசியம் இருக்கிறது.

சேப்பாக்கம் முதலில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம். 1846-ல் தொடங்கிய ஐரோப்பியர் கிளப் அது. அங்கே ஆடப் போன இந்தியர்களுக்கு வெள்ளைக்காரர்களோடு சமமாக உட்கார இடம் கிடைக்கவில்லை என்ற கோபத்தில்தான், புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியர்களுக்குத் தனி மைதானம், தனி கிட், தனி பயிற்சி.

வரலாறு மட்டும் சேப்பாக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. முதல் ரஞ்சி மேட்ச் 1934-ல் இங்கேதான், அதுவும் ஒரே நாளில் முடிந்துபோனது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் இங்கேதான், 1952-ல். ஆனால் 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் மேட்ச்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டன. அதுதான் இன்றைய நேரு ஸ்டேடியம். மேலே சொன்ன 1962 வெற்றியும் அங்கே கிடைத்ததுதான்.

1967 ஜனவரியில் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் எம்.ஏ.சி. ஒரு கிளப் மைதானம் கான்கிரீட் கேலரிகள் கொண்ட ஸ்டேடியமாக மாறியது அவர் காலத்தில்தான். அந்தப் பணிக்காக, அவர் உயிரோடு இருக்கும்போதே ஸ்டேடியத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

ஒரு காலத்தில் இந்தியர்களுக்குச் சம இடம் தராத மைதானத்தின் வாசலில் இன்று ஒரு இந்தியரின் பெயர்.

வீரர் பெயர் ஏன் வைக்கவில்லை?

நியாயமான கேள்வி. ஆனால் சென்னை மட்டும் இப்படி இல்லை. மும்பை வான்கடே, பெங்களூரு சின்னசாமி இரண்டும் நிர்வாகிகளின் பெயர்களே. இரண்டு மைதானங்களும் தங்கள் முதல் டெஸ்ட்டைப் பார்த்தது ஒரே தொடரில், 1974-75 வெஸ்ட் இண்டீஸ் தொடரில். மாநிலச் சங்கங்கள் சொந்த ஸ்டேடியம் வேண்டும் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிய காலம் அது. மும்பையில் டிக்கெட் ஒதுக்கீட்டில் கிளப்போடு தகராறு முற்றித்தான் வான்கடே ஸ்டேடியமே வந்தது. நிலம் வாங்குவது, பணம் திரட்டுவது, அரசிடம் பேசுவது எல்லாவற்றையும் முன்னின்று செய்தவரின் பெயர் வாசலில் ஏறியது.

நம் ஊர்க் கோயிலில் டியூப் லைட்டில்கூட ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிற வழக்கம் உண்டு. நகரத்தார் ஊர்களில் திருப்பணி செய்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஸ்டேடியம் பெயரும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

வெளிநாட்டில் இதற்கு வேறு ஏற்பாடு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எவலெத் என்று ஒரு சின்ன சுரங்க ஊர். அங்கே ஐஸ் ஹாக்கிக்கு 1973-ல் ஒரு ஹால் ஆஃப் ஃபேம் மியூசியம் திறந்தார்கள். கனடாவின் டொரன்டோவில் இருக்கும் பெரிய ஐஸ் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் வீரர்கள், நடுவர்கள் போல ‘பில்டர்’ என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. ஆடாமலே விளையாட்டை வளர்த்தவர்களுக்கான இடம் அது. 1892-ல் கோப்பையைப் பரிசளித்த ஸ்டான்லி பிரபு அந்தப் பிரிவில் இருக்கிறார். தன் பெயர் கொண்ட கோப்பைக்கான ஒரு மேட்ச்சைக்கூட அவர் பார்க்கவில்லை. ஆனால் மியூசியத்துக்குள் நுழைகிற பள்ளிக்கூடப் பையனுக்கு அவர் யார், என்ன செய்தார் என்று தெரிந்துவிடும்.

வித்தியாசம் இதுதான். மியூசியம் பெயரோடு கதையையும் சேர்த்துச் சொல்லும். போர்டு பெயரை மட்டும் சொல்லும். ‘பில்டர்’ என்று ஒரு வரிசை இருந்தால் எம்.ஏ.சி. அதில் வருவார். அவர் பக்கத்திலேயே புச்சி பாபுவும் வருவார்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. ஒரே மனிதர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சங்கத்தின் தலைவர் என்பது இன்று நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். லோதா கமிட்டி பரிந்துரைகளை 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பிறகு, கிரிக்கெட் நிர்வாகிகளின் பதவிக்காலத்துக்கு வரம்பு வந்துவிட்டது. பணக்காரக் குடும்பங்கள் தலைமுறையாக விளையாட்டுச் சங்கங்களை நடத்திய காலத்தின் ஆள்தான் எம்.ஏ.சி. அவருடைய மகன் ஏ.சி.முத்தையாவும் 1999-ல் வாரியத் தலைவரானார்.

அதே காலம்தான் ஒரு ஸ்டேடியத்தையும் கட்டிக் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மை. நீண்ட பதவி ஒரு வேலையை முடிக்க உதவும். அடுத்தவருக்கு வழி விடாமலும் தடுக்கும்.

அவர் விட்டுப் போனது என்ன?

எம்.ஏ.சி. 2000 ஜனவரி 19-ல் காலமானார். அதற்குள் அவர் பெயர் கொண்ட மைதானம் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டது. 1986-ல் ஆஸ்திரேலியாவுடன் டை ஆன டெஸ்ட், டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது டை. 1988-ல் அறிமுக மேட்ச்சிலேயே 16 விக்கெட் எடுத்த நரேந்திர ஹிர்வானி. 1999 ஜனவரியில், சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற டெஸ்ட். அன்று கேலரி முழுக்க எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டியது. சேப்பாக்கம் ரசிகர்கள் என்றால் இன்றும் உலகம் சொல்கிற உதாரணம் அது.

ஸ்டேடியம் தவிர இன்னொரு இடத்திலும் அவர் பெயர் இருக்கிறது. ஜூனியர் கிரிக்கெட்டில் அதிக ரன் எடுத்தவர்களுக்கும் அதிக விக்கெட் எடுத்தவர்களுக்கும் பி.சி.சி.ஐ. தருவது எம்.ஏ.சிதம்பரம் டிராபி. அதை வாங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர் இறந்த பிறகு பிறந்தவர்கள்.