ஆட்டோ லோவி: நரம்பின் தூதைக் கண்டவர்

நரம்பு இருதயத்துக்கு ஆணையிடுகின்றது என்பதை உடல்நூலார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயின் அவ்வாணை எவ்வாறு சென்று சேர்கின்றது என்பது விளங்காதிருந்தது. மின்சாரமே அதனைச் சுமந்து செல்கின்றது என்று கருதியோர் பலர். ஓர் இரசாயனப் பொருளே அத்தூதினைக் கொண்டு செல்கின்றது என்று சோதனையால் மெய்ப்பித்தவர் ஆட்டோ லோவி என்னும் அறிஞர். அவருடைய வரலாற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஈண்டுச் சுருக்கிக் கூற விழைகின்றோம்.

லோவி ஜெர்மனியிலுள்ள பிராங்பர்ட் நகரில் 1873ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் நாள், ஒரு யூத வணிகர் குடும்பத்திற் பிறந்தார். இளமையில் அவர் உள்ளம் கலை வரலாற்றிலேயே ஈடுபட்டிருந்தது. எனினும் குடும்பத்தாரின் விருப்பத்திற்கிணங்கி மருத்துவம் பயின்று, 1896இல் ஸ்டிராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் மருத்துவமனையிற் பணியாற்றுங்கால், காசநோயாலும் நிமோனியாவாலும் நோயாளர் பலர் தக்க மருந்தின்றி மாள்வதைக் கண்டு மனம் நைந்தார். கட்டிலருகே கைகட்டி நிற்பதினும் மருந்துகளின் இயல்பை ஆராய்வதே மேலெனத் துணிந்து அத்துறையிற் புகுந்தார். 1909இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியராக அமர்ந்தார்.

அவர் புகழுக்குக் காரணமான சோதனை கனவிற் பிறந்தது. ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய இரவு, துயில் கலைந்து எழுந்து ஒரு சிறு தாளில் ஏதோ குறித்துவைத்து மீண்டும் உறங்கினார். காலையில் அவ்வெழுத்து அவருக்கே விளங்கவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அவ்வெண்ணம் மீண்டும் தோன்றவே, உடனே எழுந்து ஆய்வுக்கூடம் சென்றார். இரு தவளைகளின் இருதயங்களை எடுத்து உப்புநீரிட்டுத் துடிக்கச் செய்தார். ஒன்றில் வேகஸ் நரம்பு இருந்தது. மற்றதில் அது நீக்கப்பட்டிருந்தது. முதலாவதின் நரம்பைத் தூண்டவே அதன் துடிப்புத் தணிந்தது. அதிலிருந்த நீரை எடுத்து மற்றதில் இட்டபோது, நரம்பில்லாத அவ்விருதயமும் அவ்வாறே தணிந்தது! இதனை 1921இல் வெளியிட்டார்.

அப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தன் வேலை முடிந்தவுடன் அதனை ஒரு நொதி சிதைத்துவிடுகின்றது என்பதையும், எசரின் என்னும் மருந்து அந்நொதியைத் தடுக்கின்றது என்பதையும் லோவியும் அவர் துணைவரும் 1926இல் காட்டினர். இவ்வாராய்ச்சிகளுக்காக லோவியும் ஆங்கில அறிஞர் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அந்நொதியைத் தடுப்பதில் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. தசைகள் சோர்ந்து வலியிழக்கும் கொடிய நோய் ஒன்று எசரினால் தணிதலை 1934இல் மேரி வாக்கர் என்னும் மருத்துவ அம்மையார் இங்கிலாந்திற் கண்டார். ஜெர்மனியிலோ, 1936 டிசம்பரில், பூச்சிகளைக் கொல்லும் மருந்தைத் தேடிய ஷ்ராடர் என்னும் இரசாயனர், மனிதரையே மாய்க்கும் டாபுன் என்னும் நச்சுப்பொருளை ஆக்கினார். நோயைத் தணித்ததும் உயிரைப் பறிக்க வல்லதும் ஒரே நொதியைத் தடுத்தே தொழிற்பட்டன.

1938 மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய இரவே லோவி சிறைப்பட்டார். தாம் கொல்லப்படுவோம் என்று அஞ்சிய நிலையிலும், வெளிவராத தம் ஆய்வு முடிவு அழிந்துபடலாகாதென்று அதனை ஓர் அஞ்சலட்டையில் எழுதி ஆராய்ச்சி இதழொன்றுக்கு அனுப்பினார். நோபல் பரிசுப் பணத்தை அவர்களிடம் ஒப்புவித்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற விடப்பட்டார். 1940இல் அமெரிக்கா சேர்ந்து, நியூயார்க்கிற் பணிபுரிந்து, 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று காலமானார்.

அவர் தொடங்கிய வழி இன்று ஒரு சிறு மீனிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. வரிக்குதிரை மீன் நம் நாட்டு ஆறுகளிலும் வயல்நீரிலும் வாழ்வது. அளவிற் சிறியது. அதன் கரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ விளங்குவதால், நரம்புகள் உருவாவதைக் கண்ணாலேயே காணலாம். குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் கலந்த நீரில் இம்மீனை வைத்து, அதன் மூளையில் அசிட்டைல்கோலின், டோபமின், செரோடோனின் ஆகியவை எவ்வளவு மாறின என்றும், நொதி எவ்வளவு தடைப்பட்டது என்றும் நுண்கருவிகளால் அளக்கின்றனர். நொதி தடைப்பட்டால் தூதுப்பொருள் நீங்காது பெருகும், தசைகள் துடிக்கும், மிகின் மூச்சே நின்றுவிடும். மீனுக்கு நேர்வது மருந்து தெளிக்கும் உழவருக்கும் நேரக்கூடுமன்றோ? எத்துணைச் சிறிய அளவு தீங்கு செய்யும் என்பதை முன்னரே அறிந்தாலன்றி அவரைக் காத்தல் இயலாது.

மருந்தின்றி மாண்டோரைக் கண்டு மனம் நைந்த ஓர் இளைஞரிடமிருந்தே இவ்வறிவு தோன்றியது என்பதை நாம் மறத்தலாகாது. அறிவு எவர் கையிற் சேர்கின்றதோ அவர் நினைத்ததையே செய்யும். நம்மிடையே இரசாயனமும் உயிர்நூலும் பயிலும் நண்பர்கள், ஆய்வுக்கூடத்தில் அளவுகோலை எடுக்கும்போதெல்லாம், வயலில் நிற்கும் அவ்வுழவரையும் நினைப்பார்களாக.