காற்றின் மாசு கண்ட ஜான் டிண்டல்

நம் கல்லூரியில் இரசாயனம் பயிலும் மாணவர் யாவரும் டிண்டல் விளைவு என்னும் பெயரைக் கேட்டிருப்பர். நுண்துகள் மிதக்கும் நீர்மத்தினூடு ஒளிக்கற்றை செல்லுங்கால் அதன் வழி கண்ணுக்குப் புலப்படுதலையே அப்பெயரால் வழங்குவர். பெயரை அறிந்தோர் பலர். அப்பெயருக்கு உரியவர் யாவர், அவ்வொளியைக் கொண்டு அவர் எதனைக் கண்டார் என்பவற்றை அறிந்தோர் சிலரே. தமிழ் பயிலும் யாம் பௌதிக நூல் வல்லார் ஒருவரது சரிதையை எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். சோற்றிற் கல் கிடப்பின் உமிழ்கின்றோம்; பருகும் நீரைத் துணியிட்டு வடிக்கின்றோம்; இரவும் பகலும் இடையறாது உள்ளிழுக்கும் காற்றை மட்டும், கண்ணுக்குத் தெளிவாயிருக்கின்றது என்னும் ஒரே காரணம் பற்றித் தூயதென்று உலகம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் வரலாறு எல்லார்க்கும் பொதுவானதன்றோ!

ஜான் டிண்டல் 1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள் அயர்லாந்து தேசத்தில் கார்லோ மாவட்டத்து லெய்லின்பிரிட்ஜ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் காவற்படையில் எளிய ஊழியம் புரிந்தவர். புராட்டஸ்டண்டு சமயத்தில் அழுத்தமான பற்றுடையவர். ஆயினும் மைந்தன் கணிதம் நன்கு கற்றல் வேண்டுமென்னும் ஆவலால், கத்தோலிக்கராகிய நல்லாசிரியர் ஒருவரிடமே அவரை அனுப்பினார். சமயப் பூசல் மலிந்த அந்நாட்டில் அஃது எளிய செயலன்று.

1839-இல் டிண்டல் அரசாங்க நில அளவைத் துறையில் அமர்ந்தார். பின்னர் இங்கிலாந்தில் அத்துறையிலேயே பணியாற்றுங்கால், ஊழியர்தம் குறைகளை எடுத்துரைத்தமைக்காக 1843-இல் வேலையினின்று நீக்கப்பெற்றார். இருப்புப் பாதைகள் பரபரப்பாக இடப்பட்ட காலமாதலின், அதற்குரிய நில அளவையிற் சில ஆண்டுகள் உழைத்துப் பொருள் ஈட்டினார். 1847-இல் குவீன்வுட் கல்லூரியில் ஆசிரியரானார். மறு ஆண்டே, தம் 28-ஆம் வயதில், ஈட்டிய பொருளை மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனி தேசத்து மார்பர்க் பல்கலைக்கழகத்திற்கு மாணவராய்ச் சென்றார். அங்கே புன்சன் என்னும் பேராசிரியரிடம் பயின்று 1850-இல் டாக்டர் பட்டம் பெற்றார். நம்முள் 21 வயதிற் பட்டம் பெறாவிடின் வாழ்வே கழிந்ததென்று வருந்துவோர் இதனை நினைத்தல் நலம்.

1853-இல் லண்டன் மாநகரத்து ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் ஆற்றிய ஒரு சொற்பொழிவு அவையோரைக் கவர, அவ்வாண்டிலேயே அங்குப் பேராசிரியராக நியமனம் பெற்றார். மைக்கேல் பாரடே அங்கு வீற்றிருந்த காலம் அது. கருமார் ஒருவரின் மகனாய்ப் பிறந்த பாரடேயும், காவலர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த டிண்டலும் தந்தையும் மைந்தனும் போல அன்பு பூண்டிருந்தனர். 1867-இல் பாரடே மறைந்தபின் அவரது பொறுப்பு டிண்டலைச் சார்ந்தது. பனியாறுகளை ஆராய்ந்ததும், 1861-இல் வைஸ்ஹார்ன் என்னும் ஆல்ப்ஸ் கொடுமுடியை முதன்முதல் ஏறிக் கண்டதும், நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தை விழுங்குமாற்றை அளந்ததும் தனித்தனி விரித்தற்குரியன. ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது காற்றின் தூசு ஒன்றேயாகலின் அவற்றை விடுக்கின்றோம்.

தூசினை அவர் தேடிச் சென்றாரல்லர். அது குறுக்கே வந்தது. 1868-இல் ஒளி ஆவிகளின்மீது இயற்றும் மாறுதல்களைக் கண்ணாடிக் குழாயொன்றில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கு முற்றும் தூய காற்று வேண்டும். கந்தகத் திராவகத்தினூடும் காரநீரினூடும் காற்றைச் செலுத்தினார். பின்னும் மின்விளக்கின் ஒளிக்கற்றை பட்டவிடத்துத் துகள்கள் மின்னின. இறுதியில் சாராய விளக்கொன்றின் சுடர்மேலாகக் காற்றைச் செலுத்தியபோது துகள்கள் அறவே மறைந்தன; ஒளி சென்ற வழியும் உடன் மறைந்தது. எரிந்தொழியும் பொருள் மண்ணும் கல்லுமாயிருத்தல் இயலாது. காற்றில் மிதப்பனவற்றுட் பெரும்பாலன உயிர்ப்பொருள் சார்ந்தன என்று அவர் துணிந்தார். ஒளிக்கற்றையின் கீழே சுடரை வைத்தால் கரும்புகை போன்ற சுருள்கள் எழுந்தன. உற்று நோக்கின் அவை புகையே அல்ல. தூசு நீங்கிய காற்று, ஒளியைச் சிதறச் செய்யும் பொருளின்மையால் இருளாய்த் தோன்றிற்று. தூய காற்றின் நிறம் கருமை என்று கண்டபோது அவர் உள்ளம் எவ்வாறு துள்ளியிருக்கும்!

1870-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தூசும் நோயும் என்பது பற்றி ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் சொற்பொழிவாற்றினார். பட்டும் மணியும் புனைந்து வந்திருந்த பெருமக்கள் தாம் அமர்ந்திருந்த மண்டபத்தின் காற்றே அழுக்கு நிறைந்தது என்பதைக் கண்ணாரக் கண்டனர். பின்னர்த் தம் மூச்சை ஒளிக்கற்றையின் குறுக்கே குழாய் வழி ஊதிக் காட்டினார். மூச்சின் முற்பகுதியிற் தூசு மின்னிற்று. கடைப்பகுதி வந்தவுடன் ஒளியின் நடுவே கருந்துளை ஒன்று விழுந்தது. நுரையீரலின் ஆழத்தினின்று வரும் காற்றில் தூசு இல்லை. அங்ஙனமாயின் உட்சென்ற தூசு எங்கே? நுரையீரலிலேயே தங்கிவிட்டது.

இதனால் லிஸ்டர் என்னும் இரண வைத்தியப் பேரறிஞரை வருத்திய ஐயமொன்றும் தீர்ந்தது. விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் கிழிக்க, காற்று உள்ளிருந்து மார்பறையிற் புகுந்து இரத்தத்தோடு கலப்பினும் அவ்விரத்தம் அழுகுவதில்லை. வெளியிலிருந்து குத்திய காயத்திலோ அழுகுகின்றது. காற்று இரண்டிடத்தும் காற்றே. முன்னது நுரையீரலால் வடிக்கப்பெற்றது என்பதே வேற்றுமை.

அடுத்துப் பஞ்சு ஒரு கைப்பிடி எடுத்து வாயையும் மூக்கையும் மூடி மூச்சிழுத்து ஒளியின்மீது விட்டார். வெளிப்பட்ட மூச்சு தொடக்க முதலே இருண்டிருந்தது. பஞ்சு காற்றின் நுண்ணுயிர்களைத் தடுக்கும் என்பதை ஷ்ரோடர், டுஷ் என்னும் ஜெர்மானியர் இருவர் 1854-இலேயே கண்டிருந்தனர்; பாஸ்டரும் பஞ்சு வகையொன்றாற் காற்றை வடித்துத் துகள்களைத் திரட்டினார். டிண்டல் செய்தது அதனைக் கண்ணுக்குக் காட்டியது. தொற்றுநோயினின்று தம்மையோ நோயாளியையோ காக்க விரும்பும் மருத்துவர் பஞ்சு வைத்த மூச்சுக் கவசம் அணியலாம் என்றும் அன்றே அவர் அறிவுறுத்தினார். பௌதிகப் பேராசிரியர் வைத்தியத்திற் புகுந்தது முறையோ என்று மருத்துவருட் சிலர் முணுமுணுத்தனர். 2020-இல் உலகமே முகக்கவசம் பூண்டதை நோக்கின், 150 ஆண்டுகட்கு முன் அவர் சொன்னது சொன்னபடியே நிற்கின்றது.

நிற்க. லண்டன் தீயணைப்பு வீரர் பலர் நெருப்பினும் புகையாலேயே வீழ்வதைக் கேள்வியுற்ற டிண்டல், அவர்கட்கு மூச்சுக் கருவி ஒன்று சமைக்க 1871-இல் முற்பட்டார். உலர்ந்த பஞ்சு மாத்திரம் போதவில்லை. அதனைக் கிளிசரினில் நனைத்தபோது துகள்கள் ஒட்டிக்கொண்டன. புகையின் தடை பெரிதும் நீங்கிற்று. ஆயினும் தொண்டையைக் கரிக்கும் ஆவி பஞ்சையும் கிளிசரினையும் கடந்து வந்தது. துகள் வேறு, ஆவி வேறு என்பதை அவர் உணர்ந்தார். ஸ்டென்ஹவுஸ் என்பார் கரியாற் சமைத்த சுவாசக் கருவி முன்னரே இருந்தது. அக்கரியைப் பஞ்சடுக்குகளினிடையே வைத்து, கரியமில வாயுவை ஈர்க்கச் சுண்ணத்தையும் சேர்த்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனின் நிலவறை ஒன்றிற் பிசின் மிக்க பைன் விறகை எரித்து அடர்ந்த புகை நிரப்பி, அவரும் துணைவரும் அதனுள் அரைமணி நேரத்திற்கு மேலும் தங்கி வெளிவந்தனர். தீயணைப்புப் படைத் தலைவர் கேப்டன் ஷா இம்முயற்சியில் உடனிருந்தார். தம் கருவியைத் தம் நுரையீரல்மீதே சோதித்த பின்னரே பிறர்க்கு அளிக்க முன்வந்த அப்பெருந்தகைமை எம்மைக் கவர்கின்றது.

அமெரிக்காவிலும் பிற குளிர் நாடுகளிலும் இல்லங்கள்தோறும் வெப்பமூட்டும் உலைக்கும் குளிரூட்டும் இயந்திரத்திற்கும் முன்னர் வைக்கப்படும் காற்று வடிகட்டிகளை நோக்குவார்க்கு இந்நிலவறைப் பாடம் முழுதும் அவற்றுள் அடங்கியிருத்தல் விளங்கும். கண்ணாடி இழைத் தட்டில் ஒட்டும் எண்ணெய் தடவி வைத்த பழைய வகை, கிளிசரின் நனைத்த பஞ்சின் உடன்பிறப்பு. மடிப்பு மடிப்பாய் அமைந்த இழைத்தாள் வகை இப்போது மிகுதி. வடிகட்டி சல்லடை போன்றது என்று எண்ணுதல் பொருந்தாது. பெருந்துகள் இழையை வளைந்து செல்லமாட்டாது மோதி நிற்கும். மிக நுண்ணியது காற்றணுக்களால் அலைப்புண்டு தடுமாறி இழையிற் படும். இரண்டிற்கும் இடைப்பட்டதாய் ஏறக்குறைய 0.3 மைக்ரான் அளவுள்ளதே பிடிபட அரியது. 1940-களில் அமெரிக்க அணுகுண்டு முயற்சியின்போது கதிரியக்கத் துகளைத் தடுக்கத் தோன்றிய ஹெப்பா வடிகட்டியை அதனாலேயே அவ்வளவில் அளந்து, 100-க்கு 99.97 பங்கு தடுக்க வேண்டுமென்பர்.

இல்லத்திற்குரியவற்றை ஆஷ்ரே என்னும் பொறியியலாளர் சங்கம் 1999-இல் வகுத்த மெர்வ் என்னும் அளவையால் 1 முதல் 16 வரை தரம் பிரிக்கின்றனர். எண் உயர உயர நுண்துகள் சிக்கும். ஆயின் உயர்ந்த எண்ணே எவ்வீட்டிற்கும் உகந்ததென்று கொள்ளற்க. காற்றுக்குத் தடையும் உடன் உயரக்கூடுமாதலின், விசிறி அதனைத் தாங்குமோ என்று இயந்திரத்தின் குறிப்பைப் பார்த்தே கொள்ளல் வேண்டும். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது ஆஷ்ரே இயன்றவிடமெல்லாம் 13-ஆம் தரத்தை வைக்குமாறு கூறியது. நாற்றமும் ஆவியும் போக வேண்டுமாயின் கரியடுக்கு உள்ளதை நாடல் வேண்டும். உலையிற் பழுது நேரின் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் கொடிய வாயுவையோ கரியும் தடுப்பதில்லை. அதற்கு எச்சரிக்கைக் கருவியே துணை. தூசு நிறைந்த வடிகட்டி காற்றோட்டத்தை அடைக்கும், விசிறி வருந்தும், குளிர்ச்சுருளிற் பனி உறையும். ஓரங்குலப் பருமனுள்ளதை ஒன்று முதல் மூன்று திங்களுக்கு ஒருமுறை மாற்றுவர். அளவு பிறழாது சட்டத்திற் பொருந்தச் செய்தலும், காற்றுச் செல்லும் திசை காட்டும் அம்பினை விசிறிப் பக்கம் நோக்கி வைத்தலும் சிறு செயல்களே. ஓரத்தில் விரற்கடை இடைவெளி இருப்பினும் காற்று அவ்வழியே நழுவுமாதலின், வடிகட்டி இருந்தும் பயனில்லை.

மீண்டும் டிண்டலிடம் செல்வோம். 1874-இல் பெல்பாஸ்டு நகரத்துப் பேரவையில் அவர் ஆற்றிய தலைமையுரை, பொருளினின்றே யாவும் தோன்றியதெனும் கருத்தை ஆதரித்ததாகக் குருமார்களின் கண்டனத்துக்கு இலக்காயிற்று. அவருடைய முடிபுகளை நாம் ஒப்ப வேண்டுவதில்லை. எனினும் அவர் நேர்மையை ஐயுறுவார்க்கு அடுத்த மூன்றாண்டு வரலாறே விடை கூறும்.

உயிரில்லாப் பொருளினின்று உயிர் தானே தோன்றும் என்று பாஸ்டியன் என்னும் மருத்துவர் வாதித்தார். அதனை மறுக்கப் புகுந்த டிண்டல், மரப்பெட்டி ஒன்று செய்து உட்புறமெங்கும் கிளிசரின் பூசிச் சில நாள் அசையாது வைத்தார். தூசெல்லாம் படிந்து ஒட்டிக்கொண்டது. ஒளிக்கற்றை உள்ளே புகுந்தும் வழி தோன்றாதபோது, அதனுட் செருகியிருந்த குழாய்களில் இறைச்சிச் சாறும் காய்கறிச் சாறும் பெய்து ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தார். மாதக்கணக்கில் அவை கெடாதிருந்தன. வெளிக்காற்றில் வைத்தவை சின்னாளில் நாறின. பல்வகைச் சாறுகளாற் சோதித்து 1876-இல் வெற்றியை வெளியிட்டார். அவ்வாண்டு இறுதியிலோ அதே சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன. கொதித்த சாறுகள் மூடிய பெட்டியினுள்ளேயே அழுகின. எதிரியின் கட்சி வென்றதுபோலத் தோன்றிற்று. பிறர் எனின் மறைத்திருப்பர். டிண்டல் காரணத்தைத் தேடினார். ஆராய்ச்சிக்கென்று கொணர்ந்த பழைய வைக்கோல், மணிக்கணக்கிற் கொதித்தும் மடியாத வித்தணுக்களைக் கட்டிடமெங்கும் பரப்பியிருந்தது. இடத்தையே மாற்றி, கியூ பூந்தோட்டத்து ஜோட்ரல் ஆய்வுகூடத்திற் சோதித்தபோது சாறுகள் மீண்டும் தூயனவாய் நின்றன. நெடிது கொதித்தும் சாகாத வித்தினை, முளைக்க இடைவெளி தந்து சிறிது சிறிதாகப் பலமுறை சூடேற்றுவதாற் கொல்லலாம் என்றும் 1877-இற் கண்டார். டிண்டல் முறை என்று நுண்ணுயிர் நூல்கள் அதனை இன்றும் குறிக்கும்.

அவ்வாண்டுக் கோடையில் ஆல்ப்ஸ் மலையிற் பெல் ஆல்ப் என்னுமிடத்துக்குச் சாறு நிரப்பி வாய் மூடிய கண்ணாடிக் குடுவைகளை எடுத்துச் சென்றார். 23 குடுவைகளை வைக்கோற் பரணிலும், 27 குடுவைகளைப் பனியாற்றை நோக்கிய பாறை விளிம்பிலும் முனையொடித்துக் காற்றுப் புகவிட்டார். பரணில் திறந்தவற்றுள் 21 கெட்டன. பாறையில் திறந்தவற்றுள் ஒன்றேனும் கெடவில்லை. வீட்டினுள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றினும் தீயதாகலாம் என்பதை இதனினும் தெளிவாய் உணர்த்துதல் அரிது.

1872-73-இல் அமெரிக்காவிற் சொற்பொழிவாற்றி ஈட்டிய பொருளை அந்நாட்டு மாணவரின் ஆராய்ச்சிக்கே அளித்துத் திரும்பிய அவர், தம் 55-ஆம் வயதில், 1876-இல், லூயிசா ஹாமில்டன் என்னும் பெருமாட்டியை மணந்தார். மக்கட்பேறு இல்லை. அம்மையார் ஆராய்ச்சியிலும் எழுத்திலும் உற்ற துணையாயினார். முதுமையில் நற்காற்று நாடிச் சர்ரே மாவட்டத்து ஹைண்ட்ஹெட் குன்றின்மேல் மனை எடுத்தனர். டிண்டல் புகழ்ந்த காற்று என்று கேட்டுப் பிறரும் அங்கே வந்து குடியேறத் தொடங்க, அயலில் எழுந்த கட்டிடங்கள் கண்ணிற் படாதவாறு அவர் உயரமான மறைப்புகளை நிறுத்தினார் என்பது நகைப்பிற்குரிய செய்தி.

உறக்கமின்மை அவரை நெடுங்காலம் வருத்திற்று. இரவிற் குளோரல் என்னும் மருந்தும் காலையில் மக்னீசியாவும் உட்கொள்வது வழக்கம். 1893-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாட் காலை, அம்மையார் மக்னீசியா என்று கருதிக் குளோரலை மிகுதியாகக் கொடுத்துவிட்டார். பிழையை உடனே உணர்ந்து கணவரிடம் கூறினார். மருத்துவர் வந்து பகல் முழுதும் முயன்றும் பயனின்றி அன்று மாலை அவர் உயிர் நீத்தார். அதன்பின் 47 ஆண்டுகள் கைம்மை நோற்ற லூயிசா, கணவரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் திரட்டிப் பிரதி எழுதி, அவரது வரலாற்றை முழுமையாக வெளியிடுவதையே வாழ்வாகக் கொண்டிருந்தார். பணி முற்றுப்பெறுமுன் 1940-இல் அவரும் மறைந்தார். அவர் திரட்டியவற்றைக் கொண்டு பிறர் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது.